பழைய ஜிப்ஸிக்கு ஏசி போடலாமா? 65,000 ரூபாய் கொட்டேஷனுக்குப் பின்னாடி இருக்கிற முழுக் கணக்கு

பழைய வண்டி வெச்சிருக்கிற செலவைப் பத்தி நம்ம சேனல்ல பேசினப்போ மாருதி ஜிப்ஸியை மேலோட்டமா தொட்டுட்டு விட்டுட்டோம். வீடியோல 12 நிமிஷத்துல சொல்ல முடியாத கணக்கு இது. அதனால இங்க எழுத்துல, கால்குலேட்டரைப் பக்கத்துல வெச்சுக்கிட்டு பார்ப்போம்.

முதல்ல விஷயம் தெரியாதவங்களுக்கு. ஜிப்ஸி 1985 டிசம்பர்ல நம்ம ஊருக்கு வந்த வண்டி. அப்போ 970 சிசி இன்ஜின், 45 பிஎச்பி சக்தி. 1996-ல ஜிப்ஸி கிங்னு 1.3 லிட்டர் வந்துச்சு, 60 பிஎச்பி. 2000 வாக்குல அதே 1.3 லிட்டர் எம்பிஎஃப்ஐ ஆகி 80 பிஎச்பி ஆச்சு. ராணுவம், போலீஸ், வனத்துறை, டீ எஸ்டேட்டுன்னு ஓடாத இடம் இல்ல. முப்பது வருஷத்துக்கு மேல வித்த வண்டியில ஏசி மட்டும் வரல. வால்பாறையிலயும் கோத்தகிரியிலயும் அது யாருக்கும் பெருசா தெரியல. அதே வண்டியை ஆசைப்பட்டு வாங்கி, மே மாசம் திருச்சி ரோட்டுல மத்தியானம் ரெண்டு மணிக்கு ஓட்டும்போதுதான் வீட்ல பேச்சு ஆரம்பிக்குது. "இனிமே இந்த வண்டியில நான் வரமாட்டேன்" அப்படிங்கிற வாக்கியம் பல ஜிப்ஸி வீடுகள்ல பிரபலம்.

அப்போ நீங்க ஒரு ஏசி கடைக்குப் போறீங்க. அவர் ஒரு தாள்ல 65,000-ன்னு எழுதிக் கொடுக்கிறார். கடைக்குக் கடை, ஊருக்கு ஊர் இது மாறும். புது கம்ப்ரசரா, கழட்டினதா என்பதைப் பொறுத்தும் மாறும். நம்ம கணக்குக்கு 65,000-ன்னே வெச்சுக்குவோம். உங்க தொகை வேறன்னா அதை இந்த இடத்துல போட்டுக்கோங்க, கணக்கு போடற முறை மாறாது.

ஏசி கடைக்கு முன்னாடி ஆர்சி புக்

யாருமே இதைச் செய்யறதில்ல. வண்டியோட ஆர்சி எப்போ முடியுதுன்னு முதல்ல எடுத்துப் பாருங்க. சொந்த உபயோக வண்டிக்கு முதல் 15 வருஷம், அப்புறம் அஞ்சு அஞ்சு வருஷமா புதுப்பிக்கணும். 2022 ஏப்ரல்ல இருந்து காருக்கு அந்தப் புதுப்பிப்புக் கட்டணம் 600 ரூபாயில இருந்து 5,000 ஆச்சு. 2025 ஆகஸ்ட்ல 20 வருஷம் தாண்டின கார்களுக்கு 10,000 ஆக்கிட்டாங்க. இதுக்கு மேல பசுமை வரி, எஃப்சிக்கு வண்டியைத் தயார் பண்ற வெல்டிங், பெயிண்ட், டயர், பிரேக் வேலை. 2004 மாடல் வெச்சிருக்கிறவர் இந்தக் கட்டத்துலதான் இருக்கார்.

ஆர்சி முடிய இன்னும் எட்டு மாசம்தான் இருக்கு, சேசிஸ்ல துரு இருக்கு, எஃப்சி கிடைக்குமான்னு சந்தேகம்னா, இப்போ ஏசிக்குப் பணம் போடாதீங்க. எஃப்சி முடிஞ்சு, புது அஞ்சு வருஷம் கையில வந்த மறுநாள் ஏசி கடைக்குப் போங்க. அப்போதான் அந்த 65,000-த்தை 60 மாசத்துக்குப் பங்கு போட முடியும். எட்டு மாசத்துக்குப் பங்கு போட்டா மாசம் 8,000-க்கு மேல வருது. அந்தக் காசுக்கு தினமும் டாக்ஸியிலயே போயிடலாம்.

இன்னொண்ணு, சாஃப்ட் டாப் வண்டிக்காரங்களுக்கு. துணிக் கூரைக்குக் கீழ ஏசி போடறது ஜன்னலைத் திறந்து வெச்சுட்டு வீட்டு ஏசியைப் போடற மாதிரிதான். ஹார்ட் டாப் மாத்திட்டுத்தான் ஏசின்னா, அது தனிச் செலவு. அதோட ஆர்சியில பாடி வகைன்னு ஒரு விவரம் இருக்கு. மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவுப்படி ஆர்சியில இருக்கிற விவரத்துக்கு மாறா வண்டியை மாத்தக் கூடாது. அதனால ஆர்டிஓ ஆபீஸ்ல கேட்டுட்டு அப்புறம் கூரைக்கு அட்வான்ஸ் கொடுங்க. ராணுவ ஏலத்துல எடுத்த வண்டி வெச்சிருக்கிறவங்க பெரும்பாலும் இந்தக் கூட்டத்துலதான் வருவீங்க.

கொட்டேஷன்ல வராத செலவு

ஏசி ஓடறப்போ கம்ப்ரசர் இன்ஜின்கிட்ட இருந்து சுமார் மூணுல இருந்து அஞ்சு குதிரை சக்தியை எடுத்துக்கும். 80 பிஎச்பி எம்பிஎஃப்ஐ வண்டிக்கு இது தாங்கக்கூடிய சுமை. அந்த இன்ஜின் எஸ்டீம், வெர்சா வண்டிகள்ல வந்த அதே 1.3 லிட்டர் குடும்பம். அந்த ரெண்டும் ஏசியோட ஓடின வண்டிகள். அதனால எஸ்டீம் பிராக்கெட், எஸ்டீம் கம்ப்ரசர் வெச்சு மாட்டறது பழகின வழி. மெக்கானிக்குக்கும் புதுசு இல்ல, நாளைக்கு பார்ட்ஸ் தேடறதும் சுலபம். பழைய 45 பிஎச்பி கார்பரேட்டர் வண்டின்னா கதை வேற. பத்துல ஒரு பங்கு சக்தியை ஏசியே சாப்பிட்டுடும். மேட்டுல ஏறும்போது ஏசியை அணைச்சுட்டு ஏற வேண்டியிருக்கும், சிக்னல்ல ஐடில் இறங்காம இருக்க தனியா ஐடில்-அப் வால்வு வேணும். அந்த வண்டிக்கு நான் ஏசியைப் பரிந்துரைக்க மாட்டேன். நல்ல இன்சுலேஷன், ரெண்டு ஃபேன், காலையில சீக்கிரம் கிளம்பற பழக்கம் இது மூணும் போதும்.

ஏசியோட கண்டென்சர் ரேடியேட்டருக்கு முன்னாடி உட்காரும். அதாவது இதுவரைக்கும் குளிர்ந்த காத்து வாங்கிட்டிருந்த ரேடியேட்டர், இனிமே கண்டென்சர் சுட வெச்ச காத்தை வாங்கும். 20 வருஷ ரேடியேட்டர் உள்ள பாதி அடைச்சிருந்தா, ஏசி போட்ட முதல் வெயில்லயே டெம்பரேச்சர் முள் மேல போகும். ஹெட் கேஸ்கெட் போச்சுன்னா ஏசிக்கு ஆன செலவுல பெரிய பங்கு இன்ஜினுக்கு ஆகும். அதனால ரேடியேட்டரைத் திறந்து கிளீன் பண்றது அல்லது கோர் மாத்தறது, தெர்மோஸ்டாட், வாட்டர் பம்ப், ஹோஸ் எல்லாம் ஏசிக்கு முன்னாடி முடியணும்.

அப்புறம் கரண்ட். ப்ளோயர், கண்டென்சர் ஃபேன், கம்ப்ரசரோட மேக்னட் கிளட்ச் மூணும் சேர்ந்து 25 ஆம்பியர் வரை இழுக்கும். உங்க ஆல்டர்னேட்டர் மேல எத்தனை ஆம்பியர்னு எழுதியிருக்கும், பாருங்க. ஏற்கெனவே எக்ஸ்ட்ரா லைட், பெரிய ஹாரன்னு மாட்டியிருந்தீங்கன்னா ராத்திரி மழையில ஏசி, வைப்பர், ஹெட்லைட் மூணும் ஓடும்போது பேட்டரி மெல்ல காலியாகும்.

மூணாவது, சூடு உள்ள வர்ற வழிகள். ஜிப்ஸியில ஃபயர்வால், கியர் லீவர் ஓட்டை, கதவு ரப்பர், தரை எல்லாத்து வழியாவும் இன்ஜின் சூடும் ரோட்டுச் சூடும் உள்ள வரும். கூரைக்கு அடியிலயும் தரையிலயும் இன்சுலேஷன் ஷீட் ஒட்டி, கதவு ரப்பர் மாத்தி, லீவர் பூட் புதுசா போட்டாலே பாதி வித்தியாசம் தெரியும். கூரைக்கு வெள்ளை பெயிண்ட் அடிச்சா இன்னும் கொஞ்சம். என் ஆலோசனை, இந்த வேலையை மட்டும் முதல்ல செஞ்சுட்டு ஒரு கோடையைப் பாருங்க. சிலருக்கு ஏசி ஆசையே அத்தோட தீர்ந்துடும். தீரலன்னாலும் நஷ்டம் இல்ல, இது செய்யாம ஏசி போட்டா குளிராது, எப்படியும் செய்ய வேண்டிய வேலைதான்.

இந்த மூணுக்கும் சேர்த்து 20,000-ன்னு வெச்சுக்குவோம். ஆக உண்மையான முதலீடு 85,000.

அஞ்சு வருஷக் கணக்கு

வருஷத்துக்கு 4,000 கிலோமீட்டர் ஓட்டறீங்க, ஏசி இல்லாம லிட்டருக்கு 10, ஏசியோட 9 கொடுக்குதுன்னு எடுத்துக்குவோம். 400 லிட்டர் போட்ட இடத்துல 444 லிட்டர். பெட்ரோல் 100 ரூபாய்னா வருஷம் 4,400, அஞ்சு வருஷத்துக்கு 22,000. பெல்ட், ஃபில்டர், சர்வீஸ், எப்பவாவது ஒரு ஹோஸ்னு வருஷம் 3,000 வெச்சா 15,000. எல்லாம் கூட்டினா 1,22,000 ரூபாய். மாசத்துக்கு 2,033. கிலோமீட்டருக்கு 6 ரூபாய் 10 பைசா.

இதே வண்டியை வாரக்கடைசியில மட்டும் எடுக்கிறீங்க, வருஷம் 1,500 கிலோமீட்டர்தான்னா பெட்ரோல் செலவு குறையும். ஆனா முதலீடும் சர்வீஸும் குறையாது. மொத்தம் சுமார் 1,08,000 வரும், கிலோமீட்டருக்கு 14 ரூபாய் 40 பைசாவுக்குப் பக்கம். அதாவது வருஷத்துக்கு 21,600 ரூபாய் கொடுத்து குளிர்ச்சியை வாங்கறீங்க.

இப்போ இந்தக் கேள்விக்கு நேர்மையா பதில் சொல்லுங்க. குடும்பத்தோட வெயில்ல போற நாள் வருஷத்துல எத்தனை? நாளுக்கு 2,500 ரூபாய்க்கு ஒரு ஏசி காரை வாடகைக்கு எடுக்கலாம்னு வெச்சா, 21,600-க்கு எட்டு ஒன்பது நாள் எடுக்கலாம். உங்க கணக்கு அஞ்சு நாள்னா வாடகைக் கார்தான் லாபம், ஜிப்ஸியை உங்க தனி சந்தோஷத்துக்கு அப்படியே ஓட்டுங்க. 20 நாள், 30 நாள்னா ஏசி போடறதுக்கு அர்த்தம் இருக்கு. வீட்ல வயசான அம்மாவோ கைக்குழந்தையோ இருந்து, வீட்ல இருக்கிற ஒரே நாலு சக்கரம் இதுதான்னா நாள் கணக்கே வேண்டாம், போட்டுடுங்க.

"புது ஜிம்னி வாங்கறதுக்கு இது எவ்வளவோ மேல்"னு ஒரு வாதம் வரும். 2023 ஜூன்ல ஜிம்னி வந்தப்போ ஆரம்ப ஷோரூம் விலையே 12.74 லட்சம். அதோட ஒப்பிட்டா 85,000 சில்லறைதான். ஆனா நீங்க உண்மையிலேயே ஜிம்னி வாங்க பேங்க்ல லோன் கேட்டு நின்னவரா? நின்னிருந்தா இந்த ஒப்பீடு சரி, 11 லட்சம் மிச்சம் பண்றீங்க. வாங்கற எண்ணமே இல்லாதவர் வாங்காத காரோட விலையைக் காட்டி மிச்சம்னு சொல்றதுல அர்த்தம் இல்ல.

விக்கும்போது இந்தப் பணம் திரும்ப வருமான்னு கேட்டா, நான் பூஜ்ஜியம்னுதான் போடுவேன். ஜிப்ஸி தேடி வர்றவர் துரு, கியர் பாக்ஸ், ஆர்சி மூணையும் பார்ப்பார். சிலர் கம்பெனி நிலைமையில இருக்கிற வண்டிதான் வேணும்னு ஏசியைக் குறையாவே சொல்வாங்க. அதனால டாஷ்போர்டை வெட்டாம, கழட்டினா பழைய நிலைமைக்கு வர்ற மாதிரி மாட்டச் சொல்லுங்க. டாஷ்போர்டுக்குக் கீழ தொங்கற கூலிங் காயில் யூனிட் பார்க்க அழகா இருக்காது, பக்கத்துல உட்கார்றவர் முட்டியும் இடிக்கும். ஆனா கழட்டலாம்.

பணம் எங்கிருந்து

பெர்சனல் லோன் 14% வட்டி, 24 மாசம்னா 65,000-க்கு இஎம்ஐ சுமார் 3,120. மொத்தம் 74,900 கட்டுவீங்க, ஏறக்குறைய 9,900 வட்டி. வட்டியில மட்டும் ஆல்டர்னேட்டர் செலவு போயிடுது. கிரெடிட் கார்டுல தேய்ச்சுட்டு மினிமம் கட்டற வேலை வேண்டவே வேண்டாம். மாசம் 3.5% வட்டின்னா வருஷத்துக்கு 42%.

மாறா, மாசம் 5,250 ரூபாய் ஒரு ஆர்டியில போடுங்க. 6.5% வட்டியில 12 மாசத்துல சுமார் 65,200 கையில இருக்கும். அந்த ஒரு வருஷத்துல இன்சுலேஷன், ரேடியேட்டர் வேலைகளை மாசச் சம்பளத்துலயே ஒவ்வொண்ணா முடிச்சுடலாம். ஆர்டியை ஜனவரியில ஆரம்பிச்சு டிசம்பர்ல முடியற மாதிரி வெச்சீங்கன்னா இன்னொரு லாபம். ஏசி கடைகள் ஏப்ரல், மே மாசம் தலை நிமிர நேரமில்லாம இருக்கும், டிசம்பர்ல டீ குடிச்சுட்டு உட்கார்ந்திருப்பாங்க. விலை பேசறதுக்கும், உங்க வண்டிக்கு ரெண்டு நாள் முழுசா ஒதுக்கி வேலை பார்க்கறதுக்கும் அதுதான் நேரம். எமர்ஜென்சி ஃபண்டுல மட்டும் கை வைக்காதீங்க. பழைய வண்டிக்காரருக்கு எமர்ஜென்சி எப்போ வேணா வரும்.

பில், இன்சூரன்ஸ், தீ

"பில் இல்லாம பண்ணா ஜிஎஸ்டி மிச்சம் சார்" என்பது எல்லாக் கடையிலயும் கேட்கிற வசனம். 2025 செப்டம்பர்ல கார் ஏசிக்கும் ஆட்டோ பார்ட்ஸுக்கும் 28% இருந்த ஜிஎஸ்டி 18% ஆகிடுச்சு. அந்த 18%-ஐ மிச்சம் பண்ணப் போய் என்ன இழக்கறீங்கன்னு பாருங்க. கம்ப்ரசர் வாரன்டி கேட்க ஆதாரம் இல்ல. இன்சூரன்ஸ்ல காட்ட ஆதாரம் இல்ல.

கம்பெனியில வராத எலக்ட்ரிக்கல் சாமான்களை பாலிசியில தனியா சேர்க்கணும். அதுக்கு ஐஎம்டி 24-ன்னு ஒரு எண்டார்ஸ்மென்ட் இருக்கு, சாமானோட மதிப்புல 4% பிரீமியம். 65,000-க்கு 2,600, மேல 18% ஜிஎஸ்டி சேர்த்து 3,068. இது ஓன் டேமேஜ் கவர் இருக்கிறவங்களுக்கு மட்டும்தான். பழைய ஜிப்ஸிகள் நிறைய தேர்ட் பார்ட்டி பாலிசியோடதான் ஓடுது. அப்படின்னா ஏசிக்கு எந்தப் பாதுகாப்பும் இல்ல, முன்னாடி இடிச்சு கண்டென்சர் போச்சுன்னா உங்க கைக்காசுதான். ஓன் டேமேஜ் இருந்தாலும், 10 வருஷம் தாண்டின வண்டியில உலோக பார்ட்ஸுக்கே 50% தேய்மானம் கழிச்சுத்தான் கொடுப்பாங்க. அதையும் மனசுல வெச்சு அந்த 3,068 தேவையான்னு முடிவு பண்ணுங்க. நானா இருந்தா முதல் ரெண்டு மூணு வருஷம் கட்டுவேன், அப்புறம் நிறுத்திடுவேன்.

தீ விஷயத்துல மட்டும் காசு பார்க்காதீங்க. ப்ளோயருக்கு, ஃபேனுக்கு, கிளட்சுக்குத் தனித்தனி ரிலே, தனித்தனி ஃப்யூஸ், பேட்டரியில இருந்து தனி ஒயர். பழைய ஒயரிங்ல இருந்து ஒட்டுப் போட்டு எடுக்கிறேன்னு சொன்னா வேற கடை பாருங்க. காட்டுப் பாதையில ஆடி ஆடி ஒயரும் ஹோஸும் பாடியில உரசும், அதனால ஒவ்வொரு அடிக்கும் ஒரு கிளாம்ப்பும் உரசற இடத்துல ரப்பர் உறையும் வேணும்.

கேஸ் பத்தி ஒரு வார்த்தை. ஆர்-134ஏ கேஸ் பெட்ரோல் மாதிரி தீர்ந்து போற பொருள் இல்ல. ரப்பர் ஹோஸ் வழியா மெல்லக் கசியும், ஆனா அதுக்கு வருஷங்கள் ஆகும். ஒவ்வொரு கோடைக்கும் "கேஸ் டாப்-அப்" போடச் சொன்னா எங்கேயோ லீக் இருக்குன்னு அர்த்தம். லீக்கைக் கண்டுபிடிக்கச் சொல்லிப் பணம் கொடுங்க, டாப்-அப்புக்குக் கொடுக்காதீங்க. ரொம்ப மலிவா கேஸ் போட்டுத் தர்றேன்னாலும் ஜாக்கிரதை. எரியற தன்மையுள்ள ஹைட்ரோகார்பன் கலவையை 134ஏ-ன்னு அடைச்சு விக்கிறதும் நடக்குது. டின்னை உங்க கண் முன்னாடி திறக்கச் சொல்லுங்க.

காசு எங்க மிச்சம் பண்ணலாம், எங்க கூடாது

சென்னையில புதுப்பேட்டை மாதிரி இடத்துல கழட்டின எஸ்டீம் ஏசி பார்ட்ஸ் தேடலாம். பிராக்கெட், புல்லி, ப்ளோயர் பெட்டி இதெல்லாம் பழசு வாங்கலாம், தப்பில்ல. கம்ப்ரசர் பழசு வாங்கினா கையால சுத்திப் பாருங்க, உரசல் சத்தமில்லாம சீரா சுத்தணும். உள்ள ஆயில் கருப்பா இருந்தாலோ, உலோகத் தூள் மின்னினாலோ தொடாதீங்க. அந்தத் தூள் உங்க புது கண்டென்சரையும் எக்ஸ்பான்ஷன் வால்வையும் அடைச்சு எல்லாத்தையும் ரெண்டாவது தடவை வாங்க வைக்கும். டிரையர், ஓ-ரிங், ஹோஸ், கண்டென்சர் எப்பவும் புதுசு. காத்துல திறந்து கிடந்த டிரையர் ஈரத்தைக் குடிச்சு வேலைக்கு ஆகாம போயிருக்கும், 500 ரூபாய்க்குக் கிடைச்சாலும் அது குப்பை.

கொட்டேஷன் தாள்ல ஒரே ஒரு தொகை இருந்தா திருப்பிக் கொடுத்துடுங்க. கம்ப்ரசர் எந்தக் கம்பெனி, புதுசா ரீகண்டிஷனா, கண்டென்சர் அளவு, கேஸ் எத்தனை கிராம், ரிலே, ஐடில் செட்டிங், லேபர்னு தனித்தனியா எழுதி வாங்குங்க. கேஸ் ஏத்தறதுக்கு முன்னாடி நைட்ரஜன் வெச்சு லீக் டெஸ்ட், அப்புறம் குறைஞ்சது அரை மணி நேரம் வேக்யூம், இது ரெண்டும் தாள்ல இருக்கணும். அவசரத்துல விடுபடறது இந்த ரெண்டுதான்.

பாதிப் பணம் அட்வான்ஸ், மீதி டெஸ்ட் முடிஞ்சதும். டெஸ்ட்டுக்கு வெயில் நேரத்துல போங்க, காலையில எட்டு மணிக்கு எந்த ஏசியும் நல்லாத்தான் குளிரும். ஒரு சின்ன தெர்மாமீட்டரை வென்ட்டுக்குள்ள வெச்சு இன்ஜினை 1,500 ஆர்பிஎம்ல அஞ்சு நிமிஷம் நிறுத்துங்க. வெளிய 35 டிகிரின்னா வென்ட்டுல 8-ல இருந்து 12-க்குள்ள வரணும். அப்புறம் ஐடில்ல விட்டு ஹெட்லைட், வைப்பர், ப்ளோயர் எல்லாத்தையும் போட்டு பேட்டரியில மீட்டர் வைங்க, 13 வோல்ட்டுக்குக் கீழ இறங்கக் கூடாது. கடைசியா ஒரு அரை மணி நேரம் டிராஃபிக்ல ஓட்டிட்டு டெம்பரேச்சர் முள்ளைப் பாருங்க. பழைய இடத்துலயே நின்னா மீதிப் பணத்தைக் கொடுத்து, பில்லை வாங்கி, ஆர்சி இருக்கிற ஃபைல்லயே போட்டு வைங்க.